பழனி நடை வேறு, மூட்டை நடை வேறு
வாசகர் கேள்வி – பதில்

தைப்பூசம் முடிந்து கால் ஆறிய கையோடு செட்டிநாட்டு வாசகர்கள் மலைமேல் கண் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் மலையில் நடப்பது பற்றி அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, மலைநடைக்கு ஆள் அழைத்துப் போகிறவர்களிடம் பதில் வாங்கித் தந்திருக்கிறோம்.

கே: பன்னிரண்டு வருடமாகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறேன். ஒரு நாளில் 30 கிலோமீட்டர் நடப்பது எனக்குச் சாதாரணம். உத்தராகண்டில் ஐந்து நாள் மலைநடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நாளுக்கு 12 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். இதற்கும் பயிற்சி எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: எடுக்க வேண்டும். உங்கள் காலில் குறையில்லை, கணக்கில்தான் இருக்கிறது. பழனி நடையில் துணிமணி வண்டியில் வந்துவிடுகிறது. சாப்பாடு வழியில் கிடைக்கிறது. தண்ணீர்ப் பந்தலுக்குக் குறைவில்லை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற பாதை பெரும்பாலும் தார்ச்சாலை. மலையில் வீடு, அடுப்பு, அரிசி, கட்டில் எல்லாம் உங்கள் முதுகில்.

தூரத்தை மட்டும் பார்த்து மலையை அளக்கக் கூடாது. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் செல்லுபடியாகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அது சுமையில்லாத, நல்ல தெம்புள்ள ஆளுக்கு. மூட்டைக்கும் உயரத்துக்கும் பாதியைக் கூட்டினால் ஆறு மணி. உட்காருவது, சாப்பிடுவது சேர்த்து ஏழரை. பழனி மலை தரையிலிருந்து ஏறத்தாழ 450 அடி. 900 மீட்டர் என்பது அந்தப் படிகளை ஒரே நாளில் ஆறு தடவைக்கு மேல் மூட்டையோடு ஏறுவதற்குச் சமம்.

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்கால் மூட்டை வாங்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொடுத்தபடியே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைநார் நுணுக்கமாகக் கிழிவது அப்போதுதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் ஆரம்பித்து மூன்றாம் நாள் வரை படி இறங்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தத் தசை பழகாது.

எட்டு வாரம் ஒதுக்குங்கள். பையில் அரிசியை வைத்துக்கொண்டு நடப்பதுதான் பயிற்சி. முதல் இரண்டு வாரம் 4 கிலோ, பிறகு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, கடைசியில் 10 கிலோ. அரிசியை அப்படியே போட்டால் அடியில் போய் உட்கார்ந்து இடுப்பை இழுக்கும். கீழே ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து, அரிசிப்பை நடுமுதுகை ஒட்டி நிற்கும்படி செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் குன்றக்குடிப் படிகளில் 40 நிமிடம் ஏறி இறங்குங்கள். ஏறுவதில் அவசரப்பட்டாலும் இறங்குவதில் அவசரம் கூடாது, ஒவ்வொரு படியிலும் கால் முழுதாக ஊன்றிய பிறகே அடுத்தது. கூடவே வாரம் ஒரு நீண்ட நடை. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்மலைக்குப் போகலாம். அது இரண்டாயிரம் அடிக்கு மேல் உள்ள மலை, உங்கள் பக்கத்தில் அதற்கு மேல் நல்ல சோதனை கிடையாது. பாறை சூடேறும் முன், விடியும்போதே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். மூட்டு ஏற்கெனவே வலிப்பவர்கள் அரிசிக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்து ஏறி, உச்சியில் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். எட்டு வாரமும் முடிந்து, புறப்படுவதற்கு முந்தைய ஒரு வாரம் வெறும் நடை போதும்.

கே: 60 லிட்டர் பை வாங்கி 14 கிலோ அடைத்து, வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். அரை மணியில் தோள் இரண்டும் விட்டுப்போகிறது. பை சரியில்லையா, நான் சரியில்லையா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

ப: பட்டை சரியில்லை. கொஞ்சம் எடையும் சரியில்லை.

முதலில் பட்டை. எல்லா வாரையும் முழுக்கத் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால் விலாவுக்குக் கீழே எலும்பு மேடு தட்டுப்படும். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி அந்த மேட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும். வேட்டி கட்டுகிற இடத்தில் இல்லை, அதற்கு இரண்டு விரல் மேலே. அதை முதலில் இறுக்குங்கள். அடுத்து தோள் வார், அது தோளைத் தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. மூன்றாவதாகத் தோளுக்கு மேலே பையின் தலைக்குப் போகும் சின்ன வார். அதை இழுத்தால் பை முதுகோடு வந்து ஒட்டும், வார் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நிற்கும். நெஞ்சு வார் கடைசி. அது பாரம் தாங்குவதற்கில்லை, தோள் வார் வெளியே வழுக்காமல் இருக்கத்தான். மூச்சு முட்ட அதை இறுக்குபவர்கள் நிறைய. எல்லாம் சரியாக இருந்தால் பாரத்தில் முக்கால் பங்கு இடுப்பில் இறங்கிவிடும். சோதிக்க வேண்டுமானால் தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள், தடையின்றிப் போக வேண்டும்.

பட்டையை இவ்வளவு சரிசெய்தும் இடுப்பில் உட்காரவில்லை என்றால், பையின் முதுகு நீளம் உங்கள் முதுகுக்குப் பொருந்தவில்லை. பையின் லிட்டர் வேறு, முதுகு நீளம் வேறு. கடையில் வாங்கும்போதே 10 கிலோ போட்டு மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எடைக்கு வருவோம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நல்ல வரம்பு. 60 கிலோ ஆள் 12 கிலோ தூக்கலாம். 14 என்பது அதிகம். இருவர் சேர்ந்து போகும் மூன்று நாள் நடைக்கு ஒருவர் பங்கு இப்படி வரும்: பை 1.6 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.3, பாய் 400 கிராம், கூடாரத்தில் பாதி 1.2, துணி 1.6, மழைச்சட்டை 400 கிராம், அடுப்பு பாத்திரம் கேஸில் பாதி 500 கிராம், சாப்பாடு 2 கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், மருந்து விளக்கு சில்லறை அரை கிலோ. மொத்தம் 11. உங்களிடம் கூடுதலாக இருக்கும் 3 கிலோ எங்கே என்று நாங்களே ஊகிக்கலாம்: ஒரு ஜீன்ஸ், ஒரு பூத்துவாலை, இரண்டு பவர்பேங்க், எல்லாவற்றுக்கும் ஒரு உபரி. ஜீன்ஸையும் பூத்துவாலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் இரண்டும் காயவே காயாது. ஒரு மெல்லிய துண்டு போதும்.

அடுக்கும் முறை: படுக்கை அடியில். சாப்பாடு, தண்ணீர், அடுப்பு போன்ற கனமானவை முதுகை ஒட்டி நடுவில். துணி அவற்றைச் சுற்றி. மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. கனமான பொருள் வெளிப்பக்கம் போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், அன்று சாயங்காலம் கழுத்து வலிக்கும்.

கே: பேரன் முதல் தடவையாக இமயமலைக்குப் போகிறான், நான்கு நாள் நடை, சமையல் அவர்களே. மாவுருண்டை, சீப்புச்சீடை, கைமுறுக்கு, புளிக்காய்ச்சல் செய்து தரலாம் என்று இருக்கிறேன். அவனோ, ‘ஆயா, அதெல்லாம் அங்கே ஆகாது, எனர்ஜி பார் வாங்கிக்கிறேன்’ என்கிறான். ஆகுமா, ஆகாதா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ப: ஆகும் ஆச்சி. பேரனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மலைநடைச் சாப்பாட்டுக்கு இரண்டே தகுதி: எடை குறைவாக இருக்க வேண்டும், கலோரி அதிகமாக இருக்க வேண்டும். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவிலும் சர்க்கரையிலும் 4. நெய் தாராளமாக விட்ட மாவுருண்டை இந்தச் சோதனையில் முதல் மாணவன். வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு 100 கிராம், சர்க்கரை 80, நெய் 50 என்று பிடித்தால் 100 கிராமுக்கு 480 கலோரிக்கு மேல் வரும். 25 கிராம் உருண்டை ஒன்றில் 120. நடக்கும்போது மணிக்கொரு உருண்டை என்றால் கணக்கு வைத்துக்கொள்ளவும் எளிது. கடைப் பாரில் பெரும்பாலானவை இதைவிடக் குறைவு, விலை மட்டும் கூட.

கெடுவது எங்கே என்றால், காரைக்குடிக்கும் டெல்லிக்கும் நடுவில் ரயில் சூட்டில். நெய் இளகி உருண்டை உதிர்ந்து, பை முழுக்க மாவாகிவிடும். மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் குளிரில் நெய் இறுகிக் கல்லாக நிற்கும். அதனால் எலுமிச்சை அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள், பெரிய உருண்டையை அங்கே பல்லால் கடிக்க முடியாது. பட்டர் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி, உயரம் குறைந்த கெட்டி டப்பாவில் ஒரே அடுக்காக வையுங்கள்.

கைமுறுக்கும் சீப்புச்சீடையும் உப்புக்காக வேண்டும். வியர்வையில் உப்பு போய், தித்திப்பு திகட்டிவிடும் பிற்பகல்களில் இவைதான் உள்ளே இறங்கும். நொறுங்கத்தான் செய்யும். நொறுங்கினால் என்ன, கையில் அள்ளிப் போட்டுக்கொள்ளட்டும். தேங்காய்ப்பால் சேர்த்த சீடை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு சுட்டால் போதும்.

புளிக்காய்ச்சல் நல்ல யோசனை. ஆனால் சோற்றுக்கு இல்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸ். 3,500 மீட்டரில் 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அரிசி லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். குக்கரைச் சுமப்பதற்குப் பதில் அவல் கொடுங்கள். கெட்டி அவலில் கொதிநீர் விட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து, புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினால் புளியவல் தயார். பாத்திரமும் அடிப்பிடிக்காது. வறுத்த சேமியாவும் இப்படி ஆகும். புளிக்காய்ச்சலைத் தண்ணீர் படாமல் நன்றாகச் சுண்டவையுங்கள். நல்லெண்ணெய் கசியும், அதனால் திருகு மூடி டப்பா, அதற்கு மேல் இரண்டு பாலித்தீன் உறை. ஸ்லீப்பிங் பேக்கில் எண்ணெய் கொட்டினால் வாடை போகாது. கண்ணாடி பாட்டில் ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் அளவு: அவல் அல்லது சேமியா இரு வேளைக்கும் 250 கிராம், மாவுருண்டை நான்கு, வேர்க்கடலையும் முந்திரியுமாக 60 கிராம், முறுக்கு சீடை 50, பருப்புப்பொடி 30, நெய் 20, பால்பவுடர் 30, சர்க்கரை 40. 600 கிராமுக்குள் 2,500 கலோரிக்குப் பக்கம் வந்துவிடும். பேரன் வாட்டசாட்டமான ஆள் என்றால் உருண்டையைக் கூட்டுங்கள். நாளுக்கு ஒன்றாக நான்கு பொட்டலம் கட்டி மேலே நாள் எழுதிவிடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் முதல் நாளிலேயே நண்பர்கள் முடித்துவிடுவார்கள்.

கே: ஒரு நாள் காலை முதல் இரவு வரை எப்படிப் போகும்? எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, கோட்டையூர்

ப: மலையில் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வெயிலில் சூடான காற்று மேலே ஏறி மேகமாவதால் மழை, இடி, ஆலங்கட்டி எல்லாம் பெரும்பாலும் பிற்பகலில்தான். பனி உருகி ஓடைகள் பெருகுவதும் அப்போதே. விடிகாலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மூன்று மணிக்குத் தொடையைத் தொடும். ஏழு மணி நேர நடை என்றால் ஆறரைக்குக் கிளம்பியாக வேண்டும், அதற்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

எழுந்ததும் அடுப்பு. இரவு வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்திருக்கலாம். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்தால் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். கேஸ் டப்பா ஜில்லிட்டுப் போனால் அடுப்பு சீறாது, முனகும். எழுந்த கையோடு டப்பாவைக் கால்மணி நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கும் வேலை வேண்டாம். ஒரு லிட்டர் கொதிக்க 12 முதல் 20 கிராம் கேஸ் ஆகும், காற்றடித்தால் இன்னும் கூடும், ஆகவே மூடி போடாமல் கொதிக்கவிடாதீர்கள்.

கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கனத்த ஜாக்கெட்டோடு தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் உள்ளே வியர்த்து, முதல் ஓய்வில் அந்த ஈரமே நடுக்கும். முதல் இருபது நிமிடம் யாராவது கேலி செய்யும் அளவுக்கு மெதுவாக நடங்கள். கால்மணி நேரத்தில் ஒரு தடவை நின்று லேஸ், பட்டை எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். அதன்பின் 50 நிமிடம் நடை, ஏழெட்டு நிமிடம் ஓய்வு. நடந்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதிகம். ஓய்வு கால்மணியைத் தாண்டினால் தசை ஆறி, மறுபடி கிளம்புவது பெரும்பாடு.

பசிக்கும் முன் தின்ன வேண்டும், தவிக்கும் முன் குடிக்க வேண்டும். மணிக்கு அரை லிட்டர். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, தேநீர் நிறமானால் பின்தங்கிவிட்டீர்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் மேலே ஆடு மேயும். கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் நன்கு கொதி வந்த பின் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை என்றால் அரை மணி, கடுங்குளிர் நீரில் ஒரு மணி.

ஓடை கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை உங்களை அமுக்காமல் உதறிவிடலாம். செருப்பையோ ஷூவையோ கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவது பாதயாத்திரைக்காரர்களின் கை வந்த கலை என்றாலும், உருளும் கல்லில் விரல் நசுங்கும்.

புறப்படும்போதே ஒரு ‘திரும்பும் மணி’ முடிவு செய்துகொள்ளுங்கள், பகல் 12 என்று வைப்போம். அதற்குள் கணவாயை அடையவில்லை என்றால் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். மலைநடையில் நேரும் கோளாறுகளில் பாதி, ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்பதில் ஆரம்பிக்கிறது.

முகாமைச் சேர்ந்ததும் உட்காராதீர்கள். முதலில் ஈரச்சட்டையை மாற்றி உலர்ந்ததைப் போடுங்கள், பிறகு கூடாரம், அப்புறம் தேநீர். பள்ளத்தின் அடியில் கூடாரம் அடித்தால் இரவில் குளிர்காற்று வழிந்து அங்கேதான் தேங்கும். சற்று மேடான, தண்ணீர் வடியும் இடமாகப் பாருங்கள். காய்ந்த மரத்தின் கீழும், ஆற்றுப் படுகையிலும் கூடாது. மறுநாள் நடக்கும் காலுறையை வேறாக வைத்துக்கொண்டு, தூங்குவதற்கென்று ஒரு ஜோடியைத் தனியாக, எப்போதும் உலர்வாக வைத்திருங்கள். போன், டார்ச் பேட்டரி எல்லாம் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கட்டும், குளிரில் அவை சீக்கிரம் இறங்கும். எட்டு மணிக்குத் தூங்கிவிடலாம். அங்கே அதற்கு மேல் வேலையும் இல்லை.

கே: பழனிக்கு வெறுங்காலில் நடந்தே பழக்கம். ஷூ போட்டால்தான் கொப்புளம் வருகிறது. செருப்போடு மலை ஏறக் கூடாதா?
– ஒரு வாசகர், கண்டனூர்

ப: சுமையில்லாமல் என்றால் ஏறலாம். 11 கிலோவோடு கணுக்கால் பிசகினால் தூக்கிவர நாலு பேர் வேண்டும்.

வெறுங்கால் நடையில் பாதம் விரிந்திருக்கும், பழைய ஷூ அளவு உங்களுக்குப் பொருந்தாது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது விரல் முட்டிமுட்டி நகம் கறுப்பது இந்த இடம் இல்லாததால்தான். ஆறு வாரம் முன்பே போட்டுப் பழகுங்கள். தடித்துப்போன தோலைப் பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் தேய்த்து மெலியவையுங்கள். அந்தத் தடிப்புக்கு அடியில் கொப்புளம் வந்தால் குத்தி எடுக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது.

கொப்புளத்துக்கு முன்னோட்டமாக ஓர் இடம் சுருக்கென்று சூடாகும். அந்த நிமிடமே நின்றுவிட வேண்டும், அடுத்த ஓய்வு வரை இழுக்கக் கூடாது. ஷூவைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, டிங்சர் பென்சாயின் தடவிக் காயவையுங்கள், பிசின்போல் பிடிக்கும். ஒட்டும் துணி டேப்பை முனைகள் வட்டமாக இருக்கும்படி வெட்டி, சுருக்கமின்றி ஒட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை முதலில் பெயரும். நீர் கோத்துவிட்டால் சின்னதை அப்படியே விடலாம். பெரியதாகி நடக்கவிடாமல் செய்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கீழ் ஓரத்தில் இரண்டு துளை இட்டு நீரை வழியவிட்டு, தோலை உரிக்காமல், மருந்து வைத்துக் கட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் குத்தவே கூடாது.

கே: கைத்தடி அவசியமா?
– ஒரு வாசகர், புதுவயல்

ப: நாற்பது தாண்டியவர்களுக்கு அவசியம், இரண்டு. முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம் சமதளத்துக்கு. ஏற்றத்தில் 5 சென்டிமீட்டர் குறைக்க, இறக்கத்தில் 5 முதல் 10 கூட்ட. கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடியுங்கள், அப்போதுதான் பாரம் பட்டையில் இறங்கும், விரல் களைக்காது.

கே: 63 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முக்திநாத் போக வெகுநாள் ஆசை. ஜீப்பிலேயே போய் வந்துவிடலாம் என்கிறார்கள். மேலே மூச்சுத் திணறும் என்றும் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ப: ஜீப்தான் இங்கே பிரச்சினை. நேபாளத்தில் ஜீப் ஏறும் பொக்காரா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 820 மீட்டர். முக்திநாத் 3,700-க்கு மேல். ஒரே நாளில் ஏறினால் உடம்புக்குப் பழக அவகாசம் இல்லை. 2,500 மீட்டருக்கு மேல் மலைநோய் யாருக்கும் வரலாம். வயதோ பலமோ பார்ப்பதில்லை, வேகமாக ஏறுகிறவரை இளவயதிலும் பிடிக்கும். பாதியில் 2,700 மீட்டரில் ஜோம்சோம் இருக்கிறது. அங்கே ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்து காலையில் ஏறித் தரிசனம் முடித்து மாலைக்குள் இறங்கிவிடுங்கள். உடம்புக்குக் கணக்கு, தூங்கும் உயரம்தான். நடந்து போகிறவர்களுக்கும் இதே விதி: 3,000 மீட்டரைத் தாண்டிய பின் தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ‘பித்தம்’ என்று சமாதானம் சொல்லாதீர்கள். மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். ஒரு நாளில் தணியாவிட்டால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நுரையோடு இருமல், பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் உடனே இறக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழக உதவும். ஆனால் அது சிறுநீரைக் கூட்டும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையும் அந்த வகையாக இருக்கலாம், சல்பா ஒவ்வாமையும் பார்க்க வேண்டும். ஆகவே டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். போகும் வழியெல்லாம் மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது.

கே: நான்கு நாள் நடையில் மாதவிடாய் வந்துவிட்டால்? கழிப்பறையும் இருக்காதாமே?
– ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: வந்தாலும் நடக்கலாம். உயரமும் அலைச்சலும் தேதியை முன்பின் தள்ளும் என்பதால், தேதி இல்லாவிட்டாலும் நாப்கின் எடுத்துப்போக வேண்டும். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு அதுவே எடை குறைவு, ஆனால் முதல் தடவையை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு மாதம் வீட்டில் பழகுங்கள். பயன்படுத்தியதைப் புதைக்காதீர்கள், மிருகம் தோண்டிவிடும். தாளில் சுற்றி, கொஞ்சம் காப்பித்தூள் போட்ட ஜிப் உறையில் வைத்து, அதை வெளியே தெரியாத இன்னொரு உறையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். காப்பித்தூள் வாடையை இழுத்துக்கொள்ளும்.

மலம் கழிக்க, ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மண்ணால் மூட வேண்டும். சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் பலர் செய்யும் தவறு. தலைவலியும் நீர்க்கடுப்பும் அதனாலேயே வருகின்றன. தொளதொளப்பான நீளச் சட்டையும் ஒரு துப்பட்டாவும் மறைப்புக்குப் போதும்.

கே: அவ்வளவு தூரம் ஏன்? சிறுமலை, கொடைக்கானல் காட்டுக்குள் நாங்களே கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன?
– நண்பர்கள் குழு, தேவகோட்டை

ப: பிடிபட்டால் வழக்கு, தீப்பிடித்தால் அதைவிட மோசம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு போக இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறார்கள். கோடையில் தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். ஒருநாள் நடைதான், ஆனால் 11 கிலோ மூட்டையோடு போய்வந்தால் இமயமலைக்கு அதைவிட நல்ல ஒத்திகை இல்லை. மழைக்காலத்தில் அட்டை இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்துச் சறுக்கித் தள்ளினால் விட்டுவிடும்.

கே: பையோடு மழை உறை வந்திருக்கிறது. அது போதுமா?
– ஒரு வாசகி, புதுவயல்

ப: போதாது. உறை வெளிப்பக்கத்தைத்தான் மூடும். உங்கள் முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் நீர் நேரே உள்ளே இறங்கும், பலத்த காற்றில் உறையே பறந்துவிடும். உரக்கடைகளில் கிடைக்கும் தடித்த பாலித்தீன் சாக்கு ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை இரண்டு முறை முறுக்கி மடித்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கும் மாற்றுத்துணிக்கும் உள்ளே இன்னொரு உறை. புறப்படும் முன் ஒரு நாள் பையைக் கட்டி, வீட்டு முற்றத்தில் வைத்து, இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். எது நனைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.